வெள்ளைப்படுதலை மறைக்க வேண்டாம்: குறைமாதப் பிரசவம் குறித்த கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். கேட்டவர்களின் விருப்பப்படி ஊர்ப் பெயர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: இது எனக்கு முதல் கர்ப்பம்; ஐந்தாம் மாதம் நடக்கிறது. சில வாரங்களாக அதிகமாக வெள்ளைப்படுகிறது; மீன் கவுச்சி போன்ற வாடையும் இருக்கிறது. உடல் சூடுதான் காரணம் என்று மாமியார் தினமும் அக்கானியும் (பதநீர்) வெந்தயத் தண்ணீரும் தருகிறார். படிகாரம் கரைத்த தண்ணீரால் உள்ளேயும் கழுவச் சொல்கிறார். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இப்படி இருந்தால் குழந்தை மாதம் நிறையும் முன்பே பிறந்துவிடும் என்று ஒரு தோழி பயமுறுத்துகிறாள். அது உண்மையா?
(வாசகி, திங்கள்நகர்)

பதில்: கர்ப்ப காலத்தில் வெள்ளைப்படுவது அதிகரிப்பது இயல்பு. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பு கூடுவதால் கருப்பை வாயும் யோனிச் சுவரும் அதிகமாகக் கசிகின்றன. அந்தக் கசிவு வெண்மையாகவோ நிறமற்றோ இருக்கும். நாற்றம், அரிப்பு, எரிச்சல் எதுவும் இருக்காது. அதற்கு மருந்து தேவையில்லை. உங்களுக்கு இருப்பது அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. மீன் கவுச்சி போன்ற வாடை, மெல்லிய சாம்பல் வெள்ளைக் கசிவு ஆகியவை 'பாக்டீரியல் வஜினோசிஸ்' என்ற நிலையின் அடையாளங்கள். பரிசோதித்துத்தான் அதை உறுதி செய்ய முடியும்.

யோனியில் இயல்பாகவே லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அங்குள்ள அமிலத்தன்மையை 3.8 முதல் 4.5 வரையிலான பி.ஹெச். அளவில் வைத்திருப்பதால் வேறு கிருமிகள் அங்கே எளிதில் பெருக முடிவதில்லை. ஏதோ ஒரு காரணத்தால் இந்த நல்ல கிருமிகள் குறையும்போது, கார்ட்னெரெல்லாவும் பிராணவாயு இல்லாமல் வாழும் பிற கிருமிகளும் பெருகிவிடுகின்றன. வாடையை உண்டாக்குபவை அவைதான். உடல் சூடு இதற்குக் காரணமல்ல. அக்கானியும் வெந்தயத் தண்ணீரும் குடிப்பதால் கெடுதல் இல்லை (சர்க்கரை நோய் இருந்தால் அக்கானியைத் தவிர்க்க வேண்டும்). ஆனால் அவற்றால் இந்த நிலை குணமாகாது, குணமாகும் என்று நம்பிக் காத்திருக்கும் வாரங்கள்தான் வீணாகின்றன.

படிகாரத் தண்ணீரை இன்றே நிறுத்திவிடுங்கள். படிகாரம், வேப்பிலை கொதித்த நீர், டெட்டால், வாசனைச் சோப்பு என எதைக் கொண்டும் உள்ளே கழுவக் கூடாது. அப்படிக் கழுவும்போது மிஞ்சியிருக்கும் நல்ல கிருமிகளும் போய்விடுகின்றன. உள்ளே பாய்ச்சும் தண்ணீர் கருப்பை வாயை நோக்கிக் கிருமிகளைத் தள்ளிவிடவும் கூடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துப் பருத்தி உள்ளாடை அணிந்தாலே போதும். உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், அவரே கேட்டுத் தெளிந்துகொள்வார்.

உங்கள் தோழி சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்பதைத்தான் குறைமாதப் பிரசவம் என்கிறோம். யோனியில் பெருகிய கிருமிகள் கருப்பை வாய் வழியாக மேலேறிக் குழந்தையைச் சுற்றியுள்ள சவ்வை எட்டினால், அங்கே அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சியால் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள் கருப்பை வாயை மிருதுவாக்கி, கருப்பையைச் சுருங்கத் தூண்டி, சவ்வை நலிவடையச் செய்கின்றன. பனிக்குடம் நேரத்துக்கு முன்பே உடைவதும் வலி வருவதும் இந்த வழியில்தான். குறிப்பாக 28 வாரங்களுக்கு முன் தானாகவே வலியெடுத்துப் பிறக்கும் குழந்தைகளின் தாய்மாரில் இத்தகைய தொற்றின் தடயம் அடிக்கடி காணப்படுகிறது. அமெரிக்காவில் 10,397 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 1995-இல் வெளியான பெரிய ஆய்வில், பாக்டீரியல் வஜினோசிஸ் இருந்தவர்களுக்கு எடை குறைந்த குறைமாதக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. வாய்ப்பு கூடுகிறது என்பதே அதன் பொருள். அந்த நிலை உள்ள பெண்களில் பெரும்பாலோர் மாதம் நிறைந்துதான் பெறுகிறார்கள். ஆகவே பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

இந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். 'வெள்ளைப்படுகிறது, வாடை இருக்கிறது' என்ற இரண்டு சொற்றொடர்களே போதும்; இதைத் தினமும் கேட்டுப் பழகியவர் அவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் வரும் நாளைக் கேட்டுக்கொண்டும் போகலாம். கசிவைத் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தும், அமிலத்தன்மையைச் சோதித்தும் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். வலியில்லாத, சில நிமிடப் பரிசோதனை. பொதுவாக மெட்ரோனிடசோல் மாத்திரையை 7 நாட்களுக்குத் தருவார்கள், அல்லது கிளிண்டாமைசின் தருவார்கள். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையை உண்டாக்கும், குமட்டலும் வரலாம். அதனால் மூன்றாம் நாளே நிறுத்திவிடும் பெண்கள் நிறையப் பேர். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், உணவுக்குப் பின் சாப்பிட்டால் குமட்டல் குறையும். மருந்துக் கடையில் வாடையைச் சொல்லி நீங்களாக வாங்குவதும் வேண்டாம்.

கேள்வி: என் கணவர் ஆழ்கடல் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், ஒருமுறை போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும். நான் நான்கு மாதக் கர்ப்பிணி. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் நுரைத்த கசிவும் அரிப்பும் இருந்தது. டிரைகோமோனாஸ் என்று சொல்லி மருந்து தந்தார்கள், சரியானது. அவர் வந்துபோன பிறகு மறுபடியும் வந்துவிட்டது. உறவு வழியாகப் பரவுவது என்று செவிலியர் சொன்னதிலிருந்து மனம் நிம்மதியாக இல்லை.
(வாசகி, வள்ளவிளை)

பதில்: உங்கள் மனக் கலக்கத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். டிரைகோமோனாஸ் என்பது ஓர் ஒட்டுண்ணி. உடலுறவு வழியாகப் பரவுவது உண்மைதான். ஆனால் ஆண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆணிடமும் பெண்ணிடமும் அது மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாக, வெளியே தெரியாமல் தங்கியிருக்கக் கூடும். எனவே இப்போது கண்டுபிடிக்கப்பட்டதை வைத்து அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வகச் சீட்டை ஒருவர்மீது ஒருவர் குற்றம் சாட்டுவதற்கான சாட்சியாக ஆக்கிவிடாதீர்கள்.

மறுபடியும் வந்ததன் காரணம் பெரும்பாலும் எளிமையானது: நீங்கள் மட்டும் மருந்து சாப்பிட்டீர்கள், அவர் சாப்பிடவில்லை. இந்தத் தொற்றுக்குக் கணவன் மனைவி இருவரும் சிகிச்சை பெற வேண்டும். இருவரும் மருந்தை முடித்து அறிகுறிகள் நீங்கும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். நீங்கள் உங்கள் மருந்தை இப்போதே தொடங்குங்கள், அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவர் கரைக்கு வந்ததும் முதல் வேலையாக அவருக்கும் சிகிச்சை கிடைக்கும்படி மருத்துவரிடம் இன்றே பேசி வையுங்கள். அவர் வருவதற்குள் உங்கள் மருந்து முடிந்துவிட்டிருந்தால், அவருடைய சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகும் வரை சேர வேண்டாம். மூன்று மாதங்களுக்குள் உங்களுக்கு ஒரு மறுபரிசோதனையும் தேவை. தூத்தூர் வட்டாரம் போல ஆண்கள் நெடுநாள் கடலில் இருக்கும் ஊர்களிலும், வளைகுடா நாடுகளிலிருந்து கணவர் விடுப்பில் வந்துபோகும் குடும்பங்களிலும் இந்த நாள் கணக்கைச் சொல்லாமல் மருந்து மட்டும் எழுதித் தருவதால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

டிரைகோமோனாஸ் தொற்று உள்ள கர்ப்பிணிகளுக்குப் பனிக்குடம் முன்கூட்டியே உடைவதும் குறைமாதப் பிரசவமும் எடைக் குறைவும் கூடுதலாகக் காணப்படுகின்றன. கர்ப்பப் பதிவின்போது செய்யும் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகள் உங்களுக்கு முடிந்துவிட்டனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிபிலிஸ் கண்டறியப்பட்டால் பென்சிலின் ஊசியால் தாயையும் குழந்தையையும் காப்பாற்ற முடியும்.

கேள்வி: என் முதல் குழந்தை 31-ஆம் வாரத்தில் பிறந்து, பல வாரங்கள் இன்குபேட்டரில் இருந்து பிழைத்தது. இப்போது மூன்றாம் மாதம். எனக்கு வாடையோ அரிப்போ எதுவும் இல்லை. ஆனாலும் எல்லாக் கிருமிகளுக்கும் பரிசோதனை செய்து முன்கூட்டியே மருந்து சாப்பிட்டுவிட்டால் இந்த முறை மாதம் நிறையுமா? நான் ரப்பர் பால்வெட்டு வேலைக்குப் போகிறேன்.
(வாசகி, குலசேகரம்)

பதில்: நியாயமான எண்ணம்தான், மருத்துவ உலகமும் பல ஆண்டுகள் இப்படித்தான் நினைத்தது. தொற்றினால் குழந்தை முன்கூட்டியே பிறக்கிறது என்றால், தொற்றை அழித்துவிட்டால் தடுத்துவிடலாம் அல்லவா? ஆனால் சோதித்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. அறிகுறியில்லாத பாக்டீரியல் வஜினோசிஸ் உள்ள 1,953 பெண்களில் ஒரு பாதியினருக்கு மெட்ரோனிடசோலும் மறு பாதியினருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. குறைமாதப் பிரசவம் மருந்து சாப்பிட்டவர்களில் 12.2 சதவீதம், சாப்பிடாதவர்களில் 12.5 சதவீதம், வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். பிரான்சில் கிளிண்டாமைசின் கொடுத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்விலும் பலன் தெரியவில்லை. அறிகுறியில்லாத டிரைகோமோனாஸுக்கு மருந்து கொடுத்த 2001-ஆம் ஆண்டு ஆய்விலோ, மருந்து சாப்பிட்டவர்களுக்கே குறைமாதப் பிரசவம் அதிகமாக இருந்தது. மாறாக, வியன்னாவில் 15 முதல் 20 வாரங்களுக்குள் எல்லோரையும் பரிசோதித்துச் சிகிச்சையளித்த ஆய்வில், குறைமாதப் பிரசவம் 5.3 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. இது 2004-இல் வெளியானது. இத்தகைய ஆய்வுகளை எடைபோட்டு, ஆபத்துக் காரணி ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் அனைவருக்கும் பாக்டீரியல் வஜினோசிஸ் பரிசோதனையை அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு 2020-இல் பரிந்துரைக்கவில்லை. உங்களைப் போல ஏற்கெனவே குறைமாதத்தில் பெற்றவர்களுக்கு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றது.

என் கருத்தைக் கேட்டால், முதல் பிரசவம் 31 வாரத்தில் ஆன பெண்ணுக்கு 20 வாரத்துக்குள் ஒரு முறை கசிவைப் பரிசோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எதையும் கண்டுபிடிக்காமலேயே முன்கூட்டி ஆண்டிபயாடிக் சாப்பிடுவது கூடாது. தேவையில்லாத ஆண்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் அழித்துப் பூஞ்சைத் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

உங்களுக்கு அதைவிட முக்கியமான பரிசோதனை ஒன்று உண்டு. 16-ஆம் வாரத்திலிருந்து 24-ஆம் வாரம் வரை, குறிப்பிட்ட இடைவெளியில், யோனி வழி ஸ்கேன் மூலம் கருப்பை வாயின் நீளத்தை அளக்க வேண்டும். அது 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையை யோனியில் வைக்கச் சொல்வார்கள். சிலருக்குக் கருப்பை வாயில் தையல் போடுவார்கள். இவற்றால் பலன் உண்டு என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். வலி வந்து பிறந்ததா, பனிக்குடம் உடைந்து பிறந்ததா, இரத்த அழுத்தத்தால் மருத்துவர்களே பிறக்க வைத்தார்களா என்பதைப் பொறுத்து அடுத்த நடவடிக்கை முற்றிலும் மாறும். இருட்டோடு எழுந்து சரிவில் ஏறி இறங்கும் பால்வெட்டு வேலையைப் பொறுத்தவரை, கருப்பை வாய் நீளம் தெரியும் வரை குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படுத்த படுக்கையாக இருந்தால் பிரசவம் தள்ளிப்போகும் என்பது நிரூபிக்கப்படவில்லை. அப்படிக் கிடப்பதால் காலில் இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

கேள்வி: ஏழாம் மாதம். திரிந்த தயிர் போல வெள்ளையாக வருகிறது. தாங்க முடியாத அரிப்பு. வாடை இல்லை. உள்ளே வைக்கும் மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: பாதிக்காது. இது கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம். கர்ப்பத்தில் மிகவும் சாதாரணமாக வருவது, குறைமாதப் பிரசவத்துக்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. குளோட்ரிமசோல் மாத்திரையைத் தொடர்ந்து 7 இரவுகள் யோனியில் வைப்பதே முறை. வாய்வழியாகச் சாப்பிடும் புளூகோனசோலைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிவிடாதீர்கள். அடிக்கடி வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்: 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறோம்.

கேள்வி: அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) வேலை செய்கிறேன். அடிக்கடி எழுந்து போக முடியாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறேன். சிறுநீர் கழிக்கும்போது கடுக்கிறது. ஆறாம் மாதம். இதுவும் அந்தத் தொற்றா?
(வாசகி, கருங்கல்)

பதில்: இது பெரும்பாலும் சிறுநீர்ப் பாதைத் தொற்று. யோனித் தொற்றைப் போலவே இதுவும் குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புடையது. கர்ப்பத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து விரிவதால் கிருமிகள் சிறுநீரகம் வரை எளிதில் ஏறிவிடுகின்றன. அப்போது குளிர்காய்ச்சலும் விலாவில் வலியும் வந்து, அதைத் தொடர்ந்து பிரசவ வலியும் தொடங்கலாம். அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்தால்கூடக் கர்ப்பிணிக்கு மருந்து தர வேண்டும்; அதனால்தான் சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பகாலச் சோதனைகளில் இடம்பெற்றிருக்கிறது. நாளைக்கே சிறுநீரைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனைக்குக் கொடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். நாள் முழுக்கக் குந்தியிருந்து தோடு உடைக்கும் கர்ப்பிணி கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், மருத்துவரிடம் இதற்கென்றே ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 33 வாரம். நேற்று முதல் உள்ளாடை நனைகிற அளவுக்கு அவ்வப்போது தண்ணீர் போல வருகிறது. வலி இல்லை. அது வெள்ளைதான் என்கிறாள். 'ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதால், எட்டாம் மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் எதையும் கிளறிவிட வேண்டாம் என்று அவள் அம்மா தடுக்கிறார். என்ன செய்வது?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: உங்கள் கேள்வி கையில் கிடைத்ததும் அச்சுக்குக் காத்திராமல் உங்களுக்குப் பதில் அனுப்பிவிட்டோம், மற்ற வாசகர்களுக்காக அதை இங்கும் தருகிறேன். தண்ணீர் போலக் கசிந்தால் அது பனிக்குட நீராக இருக்கலாம் என்று கருதி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு சுத்தமான நாப்கினை வைத்துக்கொண்டு, நிறமும் வாடையும் பார்த்துச் சொல்லுங்கள். உள்ளே எதையும் வைக்கவோ கழுவவோ கூடாது; உறவும் கூடாது. வலி இல்லை என்பதால் பொறுத்திருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்தபின் போகும் ஒவ்வொரு மணி நேரமும் கிருமிகள் மேலேற வழி திறந்தே இருக்கிறது. காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, குழந்தையின் அசைவு குறைதல், ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறை வயிறு இறுகித் தளர்தல், விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, இரத்தம் கலந்த கசிவு ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

'எட்டில் பிறந்தால் தங்காது' என்பது முற்றிலும் தவறு. குழந்தையின் நுரையீரலும் மூளையும் கருப்பைக்குள் ஒவ்வொரு வாரமும் முதிர்கின்றன. ஆகவே எட்டாம் மாதக் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு ஏழாம் மாதக் குழந்தையைவிட அதிகம், 33 வாரத்தில் பிறந்தாலும் நல்ல கவனிப்பு கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் குறைமாதக் குழந்தைக்குச் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. ஆனால் இந்த வார்த்தையை நம்பி வீட்டிலேயே இருந்துவிடும் தாய்க்கு அது கிடைக்காமல் போகிறது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் உங்கள் மாமியாரின் அச்சம் குறையும். கருவியால் பார்த்துக் கசிவது பனிக்குட நீர்தானா என்று முதலில் உறுதி செய்வார்கள். 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவம் ஆகக்கூடும் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் டெக்ஸாமெத்தசோன் ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை தாய்க்குப் போடுவார்கள். அது முழுப் பலன் தர ஏறத்தாழ இரண்டு நாட்கள் வேண்டும். பிரசவத்துக்குச் சற்று முன்னால் வந்து சேரும் தாய்க்கு அந்தக் கால அவகாசம் கிடைப்பதில்லை. நேற்றிலிருந்து கசிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தது இதுதான். பனிக்குடம் உடைந்தது உறுதியானால் எரித்ரோமைசின் போன்ற ஆண்டிபயாடிக் தருவார்கள். அது தொற்றைத் தணித்துப் பிரசவத்தைச் சில நாட்கள் தள்ளிப்போடவும் உதவுகிறது. பனிக்குடம் உடையாமல் வலி மட்டும் வந்தவர்களுக்கு அதே மருந்தால் பலனில்லை என்று 2001-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்த மருந்தை உங்களுக்கு ஏன் தரவில்லை என்று கேட்க வேண்டாம். வலி வந்துவிட்டால், தாயின் பிறப்புப் பாதையிலிருந்து கிருமி குழந்தைக்குத் தொற்றாதிருக்கப் பென்சிலின் வகை மருந்தை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவதும் உண்டு.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதையும் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 34 வாரத்துக்கு முன் வலியோ கசிவோ வந்தால், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கே தாயை அழைத்துச் செல்லுங்கள். நம் மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருப்பவர்கள் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கும் போகிறார்கள். பிறந்தபின் குழந்தையை ஆம்புலன்சில் கொண்டுபோவதைவிட, தாயின் வயிற்றில் இருக்கும்போதே கொண்டுபோவதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு. கர்ப்பப் பதிவு அட்டை, ஸ்கேன் சீட்டுகள், இரத்த வகைச் சீட்டு ஆகியவற்றை ஒரே பையில் எடுத்து வையுங்கள்.

குழந்தை சீக்கிரம் பிறந்துவிட்டால், எடை குறைவாக இருக்கிறதே என்று தாயிடமிருந்து தூரத்தில் வைக்க விடாதீர்கள். தாயின் மார்போடு தோல் தோலைத் தொடும்படி அணைத்துக்கொள்ளும் கங்காருப் பராமரிப்பைப் பிறந்தவுடனேயே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்ய வேண்டும். தாய் களைத்திருக்கும் நேரத்தில் நீங்களும் செய்யலாம், உங்கள் மாமியாரும் செய்யலாம்.